வானதி பிடுங்கிய கேன்

"அப்பன் குடிக்கக் குடுத்தா நீ எதுக்கும்மா புடுங்குற?"

வயல்காரர் துரைராசு கேட்டு முடிப்பதற்குள் வானதி மடக் மடக்கென்று எனர்ஜி டிரிங்க் கேனைக் காலி பண்ணிவிட்டாள். குடித்த வேகத்தில் புரையேறி இருமல் வேறு.

அவள் அப்பா மனோகரன்தான் அறுவடை மிஷின் டிரைவர். மனுஷன் மகளை ஒரு வார்த்தை அதட்ட வேண்டுமே! துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மிஷினில் ஏறிப் போய்விட்டார்.

துரைராசுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பூதலூர்ப் பக்கம் மிஷின் டிரைவரைக் கவனிக்காதவன் நெல்லு வீடு வந்து சேராது. மனசு கோணினால், "பெல்ட்டு சரியில்லண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்தவன் வயலுக்குப் போய்விடுவார்கள். முன்பெல்லாம் டீயும் வடையும் போதும். இப்போது எனர்ஜி டிரிங்க். அதையும் சும்மா கொடுத்துவிட்டு வரக்கூடாது. வயல்காரரே உடைத்து நீட்டி, குடித்து முடிக்கிறவரை நிற்க வேண்டும். அதுதான் மரியாதை. அதைத் தொடாத டிரைவரைக் கண்டால், இவனுக்கு மிஷின் ஓட்டத் தெம்பு இருக்கா என்று வயல்காரருக்கும் சந்தேகம் வந்துவிடும்.

வானமோ மூடிக்கொண்டு நிற்கிறது. சம்பா மொத்தமும் வயலில். இந்தப் பெண்ணோ காலேஜ் விட்டதும் சாப்பாட்டுத் தூக்கோடு வந்து நின்று, ஒரு கேன்கூட அப்பன் வாய்க்குப் போகவிடாமல் பிடுங்கிக் குடிக்கிறாள். இது என்ன தீனிப் பைத்தியமோ!

வானதியின் போன் கூவியது. பார்த்தவள் முகம் செத்துப்போயிற்று.

"என்னம்மா?"

"இன்டர்னல் மார்க் வந்திருக்கு பெரியப்பா. ரெண்டு பேப்பர் போச்சு."

"போகாம? கண்ணைப் பாரு, கோவைப்பழமா செவந்து கெடக்கு. தூங்குறியா இல்லையா?"

"தூக்கம் வரல பெரியப்பா. பரீட்சை ஹால்ல கை நடுங்குது."

"எல்லாம் இந்தக் கருமம்தான்! இதைக் குடிக்கிற காலேஜ் புள்ளைங்களுக்கு மார்க்கு கொறையுதுன்னு யாரோ சர்வே எடுத்திருக்காங்களாமே. தெரியுமா உனக்கு?"

"தெரியும் பெரியப்பா. எங்க காலேஜ்ல புராஜெக்டுக்காக அந்த சர்வே எடுத்ததே நான்தான்."

துரைராசுவுக்கு ஒரு எழவும் புரியவில்லை.

"தெரிஞ்சேவா குடிக்கிற?"

வானதி காலிக் கேனைக் காலால் நசுக்கினாள்.

"ருசியா இருக்கோ?"

"ஐயய்யே, இருமல் மருந்து மாதிரி இருக்கு."

ருசியும் பிடிக்கவில்லை, படிப்பும் போகிறது, கெடுதல் என்றும் தெரிகிறது. அப்புறம் என்ன கேடு இந்தப் பெண்ணுக்கு? நல்லவேளை, நமக்கு இப்படி ஒன்று பிறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அந்தக் கோடியில் மிஷின் திரும்பி வரப்போரம் வந்து நின்றது. தூறல் ஒன்றிரண்டு விழுந்தது. இனி மனோகரன் இறங்கக்கூடாது, ஒரே மூச்சில் அடித்து முடித்துவிட வேண்டும். துரைராசு ஐஸ்பெட்டியிலிருந்து அடுத்த கேனை எடுத்து உடைத்தார்.

வானதி கையை நீட்டினாள்.

"ம்ஹூம். இந்தத் தடவை உன் பருப்பு வேகாது. நானே மிஷின்ல ஏறி, உங்கப்பன் வாயில ஊத்திட்டுத்தான் எறங்குவேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடந்தார். வானதி வரப்பில் விழுந்தடித்து ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகிறாள்!

"வேணாம் பெரியப்பா. கெஞ்சிக் கேட்டுக்கறேன், இப்படிக் குடுத்துடுங்க."

"அட, சனியனே! ஒரு கேனுக்கா இந்த அழுகை? பெட்டியோட எடுத்துக்கயேன். இதை மட்டும் விடு."

அவள் மிஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அப்பாவுக்குக் கேட்காது என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்:

"அப்பாவுக்கு நெஞ்சுல கோளாறு பெரியப்பா, இதை வாயில வைக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டர், நீங்க நீட்டும்போது வேணாம்னு சொன்னா சீக்காளின்னு தெரிஞ்சு யாரும் மிஷின்ல ஏத்தமாட்டீங்க, வாங்கிக் குடிச்சா அப்பாவே இருக்கமாட்டாரு."