கேட்டருகே வேகத்தடை

அந்தக் குடியிருப்பில் செடான் கார் இப்போது அருளப்பனிடம் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லோரும் உயரமான வண்டிகளுக்கு மாறிவிட்டார்கள். பழைய வேகத்தடையில் அவை வேகம் குறைக்கவில்லை என்று போன மாதம் கேட்டருகே அதை உயர்த்திக் கட்டினார்கள். அன்றிலிருந்து அவன் மனைவி சலோமியும் இரண்டு பிள்ளைகளும் அதன் முன்னால் இறங்கி, நடந்து கடந்து, மறுபடி ஏறிக்கொண்டார்கள். பாரம் குறைந்தால் கார் அடி தட்டாமல் தாண்டிவிடும்.

இன்று சலோமி பின்சீட்டில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்துகொண்டிருந்தார்கள். வேகத்தடைக்கு முன் காரை நிறுத்திய அருளப்பன், பழக்கத்தில் இறங்கிப் போய் அவள் பக்கக் கதவைத் திறந்தான்.

“எதுக்குங்க தொறக்குறீங்க?”

அவன் கட்டுப் போட்ட காலைப் பார்த்தபடி நின்றான். பின்னால் குடியிருப்புச் சங்கச் செயலாளரின் உயரமான வண்டி ஹாரன் அடித்தது. அதன் கண்ணாடி இறங்க, செயலாளர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

“தினமும் இதே கூத்தா சார்? இந்தப் பல்லியத் தூக்கிப் போட்டுட்டு மனுஷன் ஏறுற மாதிரி ஒரு வண்டி வாங்குங்க.”

“கதவ மூடுங்க,” என்றாள் சலோமி கணவனிடம். “நான் எறங்கல. ஏத்துங்க.”

அவன் ஏற்றினான். முன்சக்கரங்கள் தாண்டின. பிறகு அடித்தகடு சிமென்ட்டில் கிழிந்தது. கார் வேகத்தடை மேல் உட்கார்ந்துவிட்டது.

“ரிவர்ஸ் எடுங்க சார்! நான் உள்ள போகணும்!”

சலோமி தலையை வெளியே நீட்டினாள்.

“எறங்கி நடந்து போங்க.”

அருளப்பன் இன்ஜினை அணைத்து, சாவியை உருவி அவள் கையில் கொடுத்தான். பின்னால் இன்னொரு ஹாரனும் சேர்ந்துகொண்டது.