பஞ்சுவுக்குப் பத்தியம்

"எங்கே உங்கம்மா?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே நுழைந்தார் அண்ணன்காரர். பழைய சாமான் வாங்கி விற்கிறவர். ஓடாத மின்விசிறிக்கே அரை மணி நேரம் மல்லுக்கு நிற்கிற ஆள், கூடப்பிறந்தவளுக்காகச் சும்மா விடுவாரா?

ஹாலில் உட்கார்ந்து கொத்தமல்லித் தழையை ஆய்ந்துகொண்டிருந்த மாப்பிள்ளை, உதட்டில் விரல் வைத்தார். டைல்ஸ் கடை முதலாளி.

"மெதுவா மச்சான்! பஞ்சுவுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கு."

பஞ்சு அவர் ஆசையாக வளர்க்கும் முயல்.

"என் தங்கச்சிக்கும்தான் ஆகியிருக்கு. ஞாபகம் இருக்கா?"

"அவளுக்கென்ன, ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த மறுநாளே சமையல் பண்ணினா தெரியுமா?" மாப்பிள்ளை பெருமையாகவே சொன்னார்.

அண்ணன்காரருக்குச் சுர்ரென்று ஏறியது.

"கர்ப்பப்பையை எடுத்துட்டு வந்தவளை முயலுக்கு ஆயாவாக்கி, ஒரே ரூம்ல அடைச்சு வச்சிருக்காங்களாமே உங்கம்மா? பக்கத்து வீட்டுக்காரம்மா போன் பண்ணி அழுவுறாங்க."

"பஞ்சுவுக்கும் அதையேதான் மச்சான் எடுத்திருக்கு. விட்டா கட்டி வரும்னாங்க. பாவம், வாயில்லா ஜீவன்."

வாயிருந்தும் பேசாத ஜீவன் உள்ளறையிலிருந்து மெல்லக் கேட்டது. "அத்தை, துணியை மட்டும் காயப் போட்டுட்டு வந்துடறேனே?"

"கட்டிலை விட்டு இறங்கினே, காலை ஒடிச்சிருவேன்!" சமையலறையிலிருந்து மாமியாரின் குரல் வெடித்தது. "சோப்பு நாத்தத்தோட தொட்டா பஞ்சு தின்னாது. முயல் தின்னலேன்னா குடல் நின்னுபோயிரும். அது செத்துவச்சா நீயா பதில் சொல்லுவே?"

"கேட்டீங்களா மாப்பிள்ளை? இதெல்லாம் மனுஷங்க பேசுற பேச்சா?"

"அம்மா சொல்றது சரிதான் மச்சான். டாக்டர் சொன்னதாச்சே. பஞ்சுவைப் பாத்துக்கிறவங்க மேல எண்ணெய் வாசனை வரக் கூடாது. குனிஞ்சு நிமிந்து அதை மிரட்டக் கூடாது. நான்கூட ராத்திரி இங்கே ஹால்லதான் படுக்கிறேன். தண்ணிக் கேனை நான்தான் தூக்கி வைக்கிறேன்னா பாத்துக்குங்களேன்!"

"ஒரு முயலுக்காக?"

"பின்னே?" மாப்பிள்ளைக்குக் கேள்வியே புரியவில்லை.

இந்தக் குடும்பத்தோடு பேரம் பேசிப் பயனில்லை. அண்ணன்காரர் உள்ளறைக் கதவை ஒரே தள்ளாகத் தள்ளினார்.

"பாப்பா, பெட்டியை எடு. கிளம்பு!"

தங்கை முழங்காலுக்கடியில் தலையணை வைத்துப் படுத்திருந்தாள். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது. பக்கத்தில் சூடு ஆறாத பால்.

நோயாளி முயலோ நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும், கட்டிலிலிருந்து ஜன்னல் திண்டுக்கும் பாய்ந்துகொண்டிருந்தது. வயிற்றில் மழித்த இடத்தில் முடியே வளர்ந்துவிட்டது.

பின்னாலேயே வந்த மாமியார் கதவைச் சாத்தினார். இடுப்பில் செருகிய முந்தானை நனைந்திருந்தது. மூச்சு வாங்கியது.

"என்ன அத்தை இது? இதுக்கா உடம்பு சரியில்லை?"

"அது தேறி எவ்வளவோ நாளாச்சு தம்பி."

"அப்புறம் எதுக்கு என் தங்கச்சியை..."

"கத்தாதே. அவன் காதுல விழுந்துரப்போகுது." மாமியார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "முதல்ல நிஜமாவே அது தின்னலை. இவதான் நேரத்துக்கு எழுந்து, தீவனத்தைக் கரைச்சு சிரிஞ்சுல ஊட்டினா. வலிக்குதுன்னு வயித்தைப் பிடிச்சுக்கிட்டே ஊட்டினா. ஒருநாள் காலையில அது நாலு புளுக்கை போட்டுச்சு. உன் மாப்பிள்ளைக்குக் கண்ணு கலங்கிருச்சு. சாமி கும்பிடாத குறை."

தங்கை போர்வையால் வாயை மூடிச் சிரித்தாள். சிரித்தால் தையல் இழுக்கும் என்று வயிற்றையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. கனம் தூக்காதே, குனியாதே, அடுப்படியில நிக்காதே, தனியாப் படு... இதெல்லாம் முயல் டாக்டர் சொன்னதுன்னா நெனைச்சே? இவளோட டாக்டரம்மா சொன்னது. இவன் பக்கத்துலயேதான் நின்னான், போனை நோண்டிக்கிட்டு. வீட்டுக்கு வந்து நான் எடுத்துச் சொன்னதுக்கு, 'சும்மா பயமுறுத்தாதேம்மா'ன்னான். அதையே பஞ்சு பேர்ல சொன்னேன். தண்ணிக் கேனைத் தூக்குறான்."

அண்ணன்காரர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்.

வெளியிலிருந்து மாப்பிள்ளையின் குரல் பதறியது. "மச்சான், அவளைக் கூட்டிக்கிட்டா போறீங்க? அப்போ பஞ்சு?"

அண்ணன்காரர் மாமியாரைப் பார்த்தார். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ஊறிப்போன அந்த விரல்களையும் பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, யாரோ சாகக் கிடக்கிற வீட்டில் பேசுவது போலப் பேசினார்.

"கூட்டிக்கிட்டுப் போகலை மாப்பிள்ளை. நானே பாத்துட்டேன், தேற இன்னும் நாள் புடிக்கும். ஆனா ஒண்ணு. அம்மாவுக்குக் கை நடுங்குது, பாத்திரத்தை நங்கு நங்குன்னு போடுறாங்க. ஒவ்வொரு சத்தத்துக்கும் பஞ்சு தூக்கிவாரிப் போடுது. அதை மட்டும் நீங்க மெதுவாத் தேய்ச்சுட்டா..."

"ஐயையோ, இதை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா!"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியைப் பார்த்து ஓடினார் மாப்பிள்ளை, பொண்டாட்டி எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்காமல்.