எடுத்த கை

"களவாணிப் பயலே! எந்த முகத்தோடடே என் பட்டறைக்குள்ள வாறே?"

சிவதாணு போட்ட சத்தத்தில் கரமனைத் தெருவே திரும்பிப் பார்த்தது. திரவியம் துணிப் பொட்டலத்தைப் பிரித்து, ஒரு பல்சக்கரத்தை எடுத்து வைத்தார்.

ஐந்து வருஷத்துக்கு முன் காணாமல் போன அதே சக்கரம்!

சிவதாணு ஏலத்தில் எடுத்த பழைய லேத்தின் சக்கரம் அது. எந்தச் சக்கரத்தை எதோடு கோத்தால் திருகாணிக்கு என்ன மரை விழும் என்று சொல்லும் தகடு அந்த லேத்தில் இல்லை. நண்பர்கள் இருவரும் பல்லை எண்ணி, சுவரில் கரியால் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள். முதல் மரை சுத்தமாக விழுந்த அன்று, சிவதாணு சாலைக் கடைத்தெருவுக்கு ஓடி மனைவி சரோஜத்துக்குக் கிளிப்பச்சைச் சேலை வாங்கி வந்தார். அது ஒரு பொற்காலம்!

பிறகு அவருக்குச் சிங்கப்பூர் ஆசை பிடித்தது. லேத்தை விற்க ஆளும் பார்த்தாயிற்று. வந்தவர் மரை வெட்டிக் காட்டச் சொன்னபோது பெரிய சக்கரத்தைக் காணோம். வியாபாரம் முறிந்தது, கப்பலும் போய்விட்டது.

'விற்காதே' என்று மல்லுக்கு நின்ற திரவியத்தைத் தவிர வேறு யார் எடுத்திருப்பார்கள்? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. "எடுத்த கை விளங்காமப் போகட்டும்" என்று பழவங்காடிப் பிள்ளையார் முன் தேங்காயை ஓங்கி உடைத்தார் சிவதாணு. பக்கத்தில் நின்ற சரோஜம் பதறிக் காதைப் பொத்திக்கொண்டாள்.

அந்தக் கப்பலில் போன தெருக்காரர் இருவர் யுத்தத்தில் சிக்கி இன்றுவரை திரும்பவில்லை. அப்படியும் இவர் கோபம் ஆறவில்லை.

இன்று அரிசி மில்லுக்கு அவசரமாக ஒரு திருகாணி. மிச்சச் சக்கரங்களை எப்படிக் கோத்துப் பார்த்தும் நட்டு இரண்டு சுற்றில் இறுகிக்கொண்டது. காலையிலிருந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்த சரோஜம் எங்கோ போய்விட்டு வந்தாள்; சற்றுப் பொறுத்துத் திரவியம் வந்தார்.

"எதுக்குடே எடுத்தே?"

"நீ கப்பலேறக் கூடாதுன்னுதான்."

திரவியம் சக்கரத்தை மாட்டினார். மரை விழுந்தது, நட்டு வழுக்கிக்கொண்டு ஓடியது.

கை துடைக்கப் பொட்டலத் துணியை எடுத்த சிவதாணு அப்படியே நின்றுவிட்டார். கிளிப்பச்சைச் சேலைக் கிழிசல்! ஐந்து வருஷத்து எண்ணெய்க் கறை அதில் பல்பல்லாகப் பதிந்திருந்தது.

"நீயா எடுத்தே? சத்தியமாச் சொல்லு!"

"நான்தான்னு சொன்னேனே, பின்னே என்ன?" திரவியம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கதவோரம் நின்ற சரோஜம் தலை நிமிரவில்லை. சிவதாணு அந்தத் துணியை மடித்து மடியில் செருகிக்கொண்டார்.

"சரோஜம், கிளம்பு. திரவியம், நீயும் வாடே. பழவங்காடியிலே ரெண்டு தேங்காய் உடைக்கணும்."

"ரெண்டு எதுக்கு?"

"ஒண்ணு, எடுத்த கை நல்லா இருக்கணும்னு. இன்னொண்ணு, எடுக்காத கைக்கு!"