ஆளுக்கு ஒரு மனு

"கூட்டு மனுவெல்லாம் வாங்க மாட்டேன். ஆளுக்கு ஒண்ணு எழுதிட்டு வாங்க."

கல்வி மாவட்ட அலுவலகத்து கிளார்க் தலையைக்கூட நிமிர்த்தாமல் சொன்னார்.

நாலாம் வகுப்பு டீச்சருக்குச் சுருக்கென்றது. எழுபத்தெட்டுப் பெற்றோர், ஐந்து ஆசிரியர்கள். எல்லோரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து வராந்தாவில் நிற்கிறார்கள்.

விஷயம் இதுதான். பள்ளியில் பிள்ளைகள் குறைவாம். அதனால் பள்ளியை இழுத்துப் பூட்டிவிட்டு, பக்கத்துப் பள்ளியோடு சேர்க்கப் போகிறார்களாம். அதிகாரி தன் அறையில் உட்கார்ந்தபடியே வரைபடத்தில் ஸ்கேலை வைத்து அளந்து, 'எண்ணூறு மீட்டர், நடந்தே செல்லலாம்' என்று எழுதிவிட்டார். நடுவில் ஓடும் ஆறுவழிச் சாலை அவருடைய ஸ்கேலுக்கு மட்டும் தெரியவில்லை. வந்து பாருங்கள் என்று மூன்று முறை கூப்பிட்டும் எட்டிப் பார்க்கவில்லை.

இன்று தேதி பதினெட்டு. முப்பதாம் தேதிக்குள் பூட்ட வேண்டும் என்பது உத்தரவு.

"இதுல எல்லாரோட கையெழுத்தும் இருக்கு சார். கோரிக்கை ஒண்ணுதானே?" என்றார் டீச்சர்.

"தனித்தனியா வேணும். பிள்ளை பேரு, வகுப்பு, விலாசம், எதனால ஆட்சேபம்னு அவங்கவங்க சொந்தக் காரணம். டீச்சருங்களும்தான். எழுதத் தெரியாதவங்களுக்கு நீங்க எழுதிக் கொடுங்க, கைநாட்டு போதும். ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

"வேணும்னே அலைக்கழிக்கிறீங்க."

ஒரு அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அந்த ரோட்டுல லாரி ஓட்டுறவன் சார் நான். பிரேக் போட்டா வண்டி எவ்வளவு தூரம் போய் நிக்கும்னு எனக்குத் தெரியும். உங்க பிள்ளைய அந்த ரோட்டத் தாண்ட விடுவீங்களா?"

"அதையே எழுதுங்க" என்றார் கிளார்க்.

கல்லுளிமங்கன் என்று யாரோ பல்லைக் கடித்தார்கள். கடிக்காமல் என்ன செய்வது?

வேறு வழியில்லாமல் வராந்தாவிலேயே உட்கார்ந்து எழுதினார்கள். சுவரில் வைத்து எழுதினார்கள். ஒருவர் முதுகில் இன்னொருவர் தாளை வைத்து எழுதினார்கள். டீச்சர்கள் ஐந்து பேருக்கும் கை விட்டுப் போனது.

கிளார்க் ஒவ்வொரு மனுவையும் வாங்கி, கம்ப்யூட்டரில் பெயரை மட்டும் எழுத்தைத் தேடித் தேடி ஒற்றை விரலால் அடித்து, ரசீது கொடுத்தார்.

"பாரேன், ஒத்த விரலு! இதுக்குள்ள நான் ஒரு பாவாடையே தச்சு முடிச்சிருப்பேன்" என்றார் வரிசையில் நின்ற டெய்லர் அக்கா.

கடைசி மனு பதிவானபோது மணி நாலரை. அதிகாரி அறைக் கதவைப் பாதி திறந்து, "இன்னும் என்ன சத்தம்? கூட்டத்த அனுப்புய்யா" என்று சொல்லிவிட்டுச் சாத்திக்கொண்டார்.

மற்றவர்கள் வாசலுக்குப் போய்விட்டார்கள். டீச்சர் மட்டும் போகவில்லை.

"எங்களப் பாடாப் படுத்திட்டீங்க. இப்ப திருப்தியா சார்?"

கிளார்க் சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"கூட்டு மனுன்னா, 'ஏற்க இயலாது'ன்னு ஒரே தாள்ல பதில் போட்டு, இன்னிக்கே ஃபைல மூடியிருப்பாங்க டீச்சர். தனி மனுன்னா, ஒவ்வொருத்தர் சொன்ன காரணத்துக்கும் தனித்தனியா பதில் போகணும். கடைசிப் பதில் போற வரைக்கும் ஸ்கூலப் பூட்ட முடியாது. முப்பதாம் தேதி தாண்டிட்டா இந்த உத்தரவே செல்லாது. மறுபடி போடணும்னா, அதிகாரி நேர்ல வந்து அந்த ரோட்டப் பாத்துட்டுத்தான் போடணும்."

டீச்சருக்கு நாள் கணக்கு உறுத்தியது.

"இன்னும் பன்னெண்டு நாள் இருக்கே சார். அதுக்குள்ள எண்பத்து மூணு பதிலையும் அனுப்பிட மாட்டாங்களா?"

கிளார்க் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு எழுந்தார்.

"இந்த ஆபீஸ்ல பதில் டைப் அடிக்கிற ஆளு நான் ஒருத்தன்தான் டீச்சர். எனக்கு இந்த ஒத்த விரலுதான் ஓடும்."