முதல் பால்

"குடிச்சுப் பாரு. இது பாலா, பாத்திரம் கழுவின தண்ணியா? நீயே சொல்லு."

பெரியவர் டம்ளரை மகளிடம் நீட்டினார். கொஞ்சம் மேசையில் சிந்தியது. மகள் ஒரு வாய் குடித்தாள். பாதாம் வாசனை தூரத்தில் எங்கோ இருந்தது. மற்றதெல்லாம் குழாய்த் தண்ணீர்.

மகள் ஒரு பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியை. வீட்டுப்பாடம் செய்யாமல் கதை அளக்கிற பிள்ளைகளைப் பார்ப்பதுபோல் சமையலறைப் பக்கம் பார்த்தாள். அங்கே தம்பியின் மனைவி துணிப்பையில் பாதாம் சக்கையைப் போட்டுப் பிழிந்துகொண்டிருந்தாள்.

தம்பி போன வருடம் இறந்துபோனான். அதற்குப் பிறகு அந்த வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும்தான். வயிற்றில் ஆபரேஷன் ஆனதிலிருந்து பெரியவருக்கு மாட்டுப் பால் ஒத்துக்கொள்வதில்லை. மருமகள் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போவதற்கு முன் பிழிந்து கொடுக்கிற பாதாம் பால்தான் அவருக்குப் பாதிச் சாப்பாடு. அதில் தண்ணீரைக் கலப்பதும் ஆளைப் பட்டினி போடுவதும் ஒன்றுதான்.

"இங்க வா" என்றாள் மகள்.

மருமகள் ஈரக் கையோடு வந்தாள்.

"அப்பா போன்ல சொன்னப்போ நான் நம்பல. முதல்ல வர்ற கெட்டிப் பாலை நீ எடுத்துக்கிறியாமே? சக்கையில திரும்பவும் தண்ணி ஊத்திப் பிழிஞ்சு அதை அவருக்குக் கொடுக்கறியாம்?"

"தலைகீழா சொல்றீங்க அண்ணி. முதல் பால் மாமாவுக்கு. ரெண்டாம் பாலைத்தான் நான் காபியில ஊத்திக்கறேன்."

"அப்போ இது என்ன?"

மருமகள் டம்ளரை வாங்கிக் குடித்துப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"நான் கொடுத்தது இது இல்ல."

"பின்னே பக்கத்து வீட்டுப் பூனை வந்து மாத்தி வெச்சிட்டுப் போச்சா?"

மருமகள் பெரியவரிடம் திரும்பினாள். "மாமா, நீங்களே சொல்லுங்க. என்னைக்காவது உங்களுக்கு இப்படிக் கொடுத்திருக்கேனா?"

பெரியவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "நான் என்னத்தச் சொல்ல? சமையலறைக் கதவை ஒருக்களிச்சு வெச்சுக்கிட்டு அவ குடிக்கிறதை என் கண்ணாலயே பாத்தேன்."

நேற்று வரைக்கும் அவளை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கு அது 'அவ' ஆகிவிட்டது. திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"எதையும் வீணாக்காதவன்னு உனக்கு எவ்வளவு நல்ல பேரு!" மகள் நிறுத்தவில்லை. "ஊறவெச்ச தண்ணி செடிக்கு, தோல் உரத்துக்கு, சக்கை மாவுக்கு. நானே என் டீச்சர்ங்ககிட்ட பெருமையா சொல்லியிருக்கேன். அந்தச் சிக்கனத்தை அப்பா வயித்துலயா காட்டணும்?"

மருமகள் மேசையில் சிந்தியிருந்த பாலைத் துணியால் துடைத்தாள்.

"பாப்பா, என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு" என்றார் பெரியவர். "இங்க இனிமே ஒரு வேளைகூட என்னால இருக்க முடியாது."

மகள் பெட்டியை இழுத்து வைத்துத் துணிகளைத் திணித்தாள். மருமகள் சமையலறைக்குப் போய், துவைத்துக் காய்ந்த பிழிதுணி ஒன்றையும் ஒரு டப்பாவையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, பாதாமை முந்தின நாளே ஊறப் போட்டுடுங்க. தோலை உரிச்சுட்டு அரைங்க, இல்லேன்னா மாமாவுக்கு வயிறு பிடிச்சுக்கும். பிழியறப்போ துணியை ரொம்ப முறுக்காதீங்க, திப்பி இறங்கிடும். இந்த டப்பாவுல காய்ஞ்ச சக்கையைப் பொடிச்சு வெச்சிருக்கேன். கோதுமை மாவோட கலந்து ரொட்டி சுட்டா மெத்துன்னு இருக்கும். அவருக்கு மென்னு சாப்பிட சுலபமா இருக்கும்."

"எனக்குப் பாடம் எடுக்காதே" என்று மகள் அவற்றை வெடுக்கென்று பிடுங்கிப் பெட்டியில் போட்டாள்.

பெரியவர் வாசலுக்கு வந்தார். மருமகள் வழக்கம்போல் குனிந்து செருப்பை அவர் காலருகில் எடுத்து வைத்தாள். அவர் அதைத் தள்ளி, தானே தட்டுத் தடுமாறிப் போட்டுக்கொண்டார்.

"நான் என்ன குறை வெச்சேன் மாமா? அதை மட்டும் சொல்லிட்டுப் போங்க."

அவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் வாசலில் நின்று வாய்விட்டே அழுதாள்.

இரண்டு தெரு தாண்டியும் மகளுக்குக் கோபம் அடங்கவில்லை. "தம்பி இருந்திருந்தா இப்படிச் செய்வாளா? சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்றேன் பாருங்க. இனிமே அவ முகத்துலகூட முழிக்க மாட்டேன்."

"யார்கிட்டயும் எதுவும் சொல்லிடாதே பாப்பா." பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "அவ எப்பவும்போல கெட்டியாத்தான் கொடுத்தா. பாதியைத் தொட்டியில கொட்டிட்டுக் குழாய்த் தண்ணியை ஊத்தினது நான்."

கார் ஓரமாக நின்றது.

"என்னப்பா சொல்றீங்க? எதுக்கு இப்படி?"

"அவ கடையில வேலை பாக்கற ஒரு நல்ல பையன் வீட்டுக்கே வந்து, அவளைக் கட்டிக்கறேன்னு கேட்டான். நான் உள்ளே தூங்கறேன்னு ரெண்டு பேரும் நினைச்சுட்டாங்க. 'மாமாவுக்கு யாரு பால் பிழிஞ்சு தருவாங்க'ன்னு கேட்டு அவனை அனுப்பிட்டா."

மகளின் கை, வண்டியை வந்த வழியே திருப்ப ஸ்டியரிங்கை வளைத்தது. பெரியவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"திருப்பாதே. என்னை அவ வெறுத்தாத்தான், அவன் மறுபடி வந்து கேக்கறப்போ சரின்னு சொல்லுவா."