பத்து மணிக்கு அடித்த சாப்பாட்டு மணி

பன்னிரண்டரைக்கு அடிக்க வேண்டிய சாப்பாட்டு மணி, காலை பத்து மணிக்கே பள்ளிக்கூடத்தில் அடித்தது.

ஒன்றாம் வகுப்பு தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து இரண்டாம் வகுப்பும் ஓடியது. சாரலில் நனைந்த வராந்தாவில் நாலைந்து பேர் வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினார்கள். காலையில் தின்ற இட்லி செரித்திருக்காது. ஆனாலும் மணி அடித்துவிட்டதே!

சத்துணவுக்கூடத்திலிருந்து பேச்சித்தாய் அக்கா கரண்டியோடு வெளியே வந்தார்.

“ஏ புள்ளையளா, இங்கன வந்து என்னத்தத் திங்கப் போறிய? இன்னும் அரிசியே களையலையே!”

என் மானம் கப்பலேறியது. கல்வி அதிகாரி குற்றாலிங்கம் சார் கணினி அறை வாசலில் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அரை நிமிடத்துக்கு முன்புதான் அவரிடம், மணி அடிப்பது எங்கள் பிள்ளைகள் எழுதிய கணினி நிரல், ஒரு வாரமாக மணி ஒரு நொடி பிசகியதில்லை என்று அளந்திருந்தேன். நுணலும் தன் வாயால் கெடும். கணினி ஆசிரியை மட்டும் தப்பிவிடுவாளா?

“என்ன மாரிச்செல்வி டீச்சர், மணி பத்துதான ஆவுது?” என்றார் தலைமையாசிரியர் ஆறுமுகநயினார்.

அவர் கேட்டதில் இருந்த சந்தோஷம் எனக்குத் தெரியாதா? வாரத்துக்கு மூன்று கணினி வகுப்பு எதற்கு, கணக்குப் பாடத்துக்குக் கொடுத்துவிடலாமே என்று போன வருஷத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். இன்று அதிகாரி முன்னால் மணி சரியாக அடித்தால் மூன்று வகுப்பும் எனக்கு. பிசகினால் கணக்குக்கு. நானே ரோஷத்தில் ஒப்புக்கொண்ட பந்தயம் அது.

முதல் பாடவேளை முடிகிற மணி பத்து பத்துக்கு அடிக்க வேண்டும். கையில் பத்து நிமிடம் இருந்தது.

நிரலை எழுதியது எட்டாம் வகுப்பு பாஹிமா. பள்ளிக் கணினிகளை நம்பி மணியை ஒப்படைக்க முடியாது. உள்ளே பேட்டரி செத்து, கரண்ட் போய் வரும்போதெல்லாம் அவை 2009 ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய்விடும். அதனால் அவள் வீட்டு லேப்டாப்பைத் தினமும் கொண்டுவந்து ஒலிபெருக்கியில் இணைத்தோம்.

அவள் அப்பா மசூது, அவளுக்கு அத்தா, நாலு வருஷமாகச் சவூதியில் வேலையில் இருக்கிறார். ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பிய லேப்டாப் அது. அதன் கடிகாரம் சவூதி நேரத்திலேயே ஓடும். நம் நேரத்துக்கு இரண்டரை மணிநேரம் பின்னால். அங்கே அவர் டூட்டியில் இருக்கிறாரா, தூங்குகிறாரா என்று அதைப் பார்த்துவிட்டுத்தான் அம்மா சைதூன் பீவி போன் போடுவாராம்.

கடிகாரத்தை மாற்றிவிடு என்று முதல் நாளே சொன்னேன். பாஹிமா மசியவில்லை. கடிகாரத்தைத் தொடாமல் நிரலில் ஒரு வரி சேர்த்தாள்: கடிகாரம் காட்டும் நேரத்தோடு இரண்டரை மணிநேரத்தைக் கூட்டு.

தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை. ஆனால் தப்பில்லை. ஒரு வாரமும் மணி டாண் என்று அடித்தது.

இன்று அவள் வந்ததே பத்தாவதற்கு ஐந்து நிமிடம் இருக்கும்போதுதான். முதல் மணியைக் கையால் அடித்துச் சமாளித்திருந்தோம். செருப்பை வாசலில் உதறிவிட்டு மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது, ராத்திரி தூங்கின பிள்ளை மாதிரி இல்லை. திட்டக்கூட நேரமில்லை. வயரைச் செருகி நிரலை ஓடவிட்டோம். கடிகாரத்தை நான் பார்க்கவில்லை. எப்போதும் தப்பாகவே ஓடுகிற கடிகாரத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

இப்போது மொத்தப் பள்ளிக்கூடமும் தட்டோடு நிற்கிறது.

லேப்டாப்பை நான் தொடவில்லை. எழுதியவள்தான் பிழையைத் தேட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவள் நான். அதிகாரி வந்திருக்கிறார் என்பதற்காக அதை மாற்ற முடியாது.

“நீயே பாரு பாஹிமா” என்றேன்.

அவள் நிரலைப் பார்க்கவில்லை. திரையின் வலது கீழ் மூலையைப் பார்த்தாள். பிறகு சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள்.

அந்தக் கூட்டல் வரிக்குப் போனாள். இரண்டரையை எடுத்துவிட்டு சைபர் போட்டாள். மறுபடி ஓடவிட்டாள். எல்லாம் சேர்த்து முக்கால் நிமிடம் ஆகியிருக்கும்.

பத்து பத்துக்கு மணி அடித்தது.

குற்றாலிங்கம் சார் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். தலைமையாசிரியர் பக்கம் திரும்பினார்.

“தப்பாப் போனத நம்ம கண்ணு முன்னாலயே சரி பண்ணிட்டாளே. இந்த வகுப்பையா வேண்டாம்ங்கிய?”

ஆறுமுகநயினார் சார் தட்டோடு நின்ற ஒன்றாம் வகுப்பை விரட்டப் போய்விட்டார். மூன்று வகுப்பும் எனக்குத்தான்.

அதிகாரி நகர்ந்ததும் பாஹிமாவைப் பிடித்துக்கொண்டேன். “எங்கட்டி தப்பு நடந்துச்சு?”

“தப்பே இல்ல டீச்சர். ராத்திரி அத்தா வந்துட்டாவ. காலைல லேப்டாப்பத் தொறந்து பாத்துட்டு இருந்தாவ. டைம் தப்பா ஓடுதேன்னு அவியளே மாத்திருக்காவ.”

திரையின் மூலையில் நம்ம ஊர் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. அதோடும் இரண்டரையைக் கூட்டித்தான் நிரல் பத்து மணியைப் பன்னிரண்டரை ஆக்கியிருக்கிறது. நான் ஆசிரியையாகவே பேசினேன்.

“அப்பம் எதுக்கு சைபர் போட்டு வச்சிருக்க? அந்த வரியே வேண்டாம்லா. அழிச்சிரு.”

பாஹிமா வயரைச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

“இருக்கட்டும் டீச்சர். அத்தாவுக்கு நாப்பத்தஞ்சு நாளுதான் லீவு.”