முதுகுக்குள் போன காய்ச்சல்

"எழும்புடா நடிகா!"

காத்தமுத்து கங்காணி தேயிலைத் தோட்டத்து லய வாசலில் நின்று போட்ட சத்தத்தில், வரிசையாக ஒட்டியிருந்த பத்துக் காம்பராக் கதவுகளும் திறந்துகொண்டன.

இராக்கம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிலில் கிடக்கும் அவள் புருஷன் அழகுமலை, போன மாதம்வரை ரெண்டு கொழுந்து மூட்டையைச் சேர்த்துத் தூக்கிய ஆள். ஒரு வாரம் காய்ச்சல். விட்ட மறுநாள் இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை.

பதுளை ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் தெளிவாகத்தான் சொன்னார்.

"முள்ளந்தண்டு நரம்பிலை வைரஸ் பூந்து வீங்கியிருக்கு, பிள்ளை. திரும்ப நடப்பார். மூண்டு மாசமாவது செல்லும்."

லயத்தில் யார் நம்பினார்கள்?

"காச்சல் மூக்குக்குப் போகும், நெஞ்சுக்குப் போகும். முதுகுக்குள்ள அதுக்கு என்னா வேலை?" என்று கங்காணி கேட்டதும் அத்தனை பேரும் ஆமாம் போட்டார்கள்.

அன்றிலிருந்து சோதனைதான். ஒருத்தன் அட்டையைப் பிடித்துவந்து காலில் விட்டான். அது வயிறு முட்டக் குடித்துவிட்டுத் தானே விழுந்தது. ஒருத்தி "சிறுத்த! சிறுத்த!" என்று கத்தினாள். லயமே ஓடியது, அழகுமலை மட்டும் கிடந்தான்.

"என்னா நடிப்புடா சாமி!" என்று பாராட்டிவிட்டுப் போனார்கள்.

இன்றைக்குத் தோட்டத்துத் துரையே வந்துவிட்டார், கால் வருத்தம் நிசமா கள்ளமா என்று பார்க்க. வேலைப் பதிவிலிருந்து பேரை வெட்டினால் குடியிருக்கும் காம்பராவும் போச்சு. ரெண்டு பிள்ளைகளோடு இந்த மனுஷனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? 

துரை குண்டூசியை எடுத்தார். அது காலில் படுமுன்னே,

"ஐயோ அம்மா!" என்று அலறினான் அழகுமலை.

ஒரு நொடி இராக்கம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"பாத்தீங்களா தொர? சுத்தச் சோம்பேறி!" என்று குதித்தார் கங்காணி. "என்கிட்ட விடுங்க. மூணு மாசத்துல ஒதச்சு வேலைப் பெரட்டுக்குக் கொண்டாறேன்."

"கள்ளப்பய! வந்ததும் தண்ணிக் கான் வெட்டப் போடு" என்று ஏசிவிட்டுத் துரை போனார்.

இராக்கம்மா கங்காணிமேல் பாய்ந்தாள்.

"நீங்கள்லாம் நல்லா இருப்பீங்களா? ஊசி குத்துறதே தெரியாத மனுஷன் எப்படிய்யா கத்துவாரு?"

"கங்காணிதான் கத்தச் சொன்னாரு" என்றான் அழகுமலை. "நீ தண்ணிக்குப் போயிருந்தப்ப."

கங்காணி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தோட்டத்தக் கம்பனி எடுத்ததுலேருந்து வேலைக்கு ஏலாதவன்னு தெரிஞ்சா பேர வெட்டிர்றாங்க தங்கச்சி, கள்ளன்னாத்தான் ஏசிட்டு வச்சுக்கிறாங்க."